சுரண்டிய பிறகே ரோடு

புரட்டாசி 2, வியாழன்

என் பெயர் ஆறுமுகநயினார்.

இதை எழுதி முடிப்பதற்குள் டீ ஆறிவிட்டது. பரவாயில்லை. நீளமான பெயர்.

புரட்டாசி 3, வெள்ளி

ரேஷன் கடை மாடியில் சாயங்காலம் பெரியவர்களுக்கு எழுத்து சொல்லித் தருகிறார் ஜெபராணி டீச்சர். சித்திரையில் சேர்ந்தேன். இப்போது கூட்டெழுத்தெல்லாம் வந்துவிட்டது. இனிமேல் தினமும் பார்த்ததை, கேட்டதைக் கொஞ்சம் எழுதுங்கள் என்றார். என்ன எழுத என்று கேட்டேன். யாரிடமாவது சொல்ல நினைப்பதை எழுதுங்கள் என்றார்.

ஐஸ் கம்பெனியில் வேலை பார்த்த காலமெல்லாம் கைநாட்டுதான் வைத்தேன். ஐஸ் தூக்கி விறைத்த கட்டைவிரலில் மைகூட சரியாக ஒட்டாது. இப்போது அதே விரல் பேனாவைப் பிடிக்கிறது. இன்று தெருவில் நடந்தபோது மின்கம்பம், சுவர், சோப்பு உறை, வண்டியின் பின்பக்கம் என்று எல்லாம் என்னோடு பேசின. இத்தனை வருடம் இவ்வளவு பேச்சு என்னைச் சுற்றி நடந்திருக்கிறது.

புரட்டாசி 5, ஞாயிறு

எங்கள் தெருவைப் பற்றி எழுதுகிறேன். பெயர் உப்புக்கிடங்குத் தெரு. துறைமுகத்துக்குப் பின்னால் இருக்கிறது. கிடங்கு இப்போது இல்லை.

நான் இங்கே குடிவந்தபோது ரோடு கீழே இருந்தது, வீடுகள் மேலே இருந்தன. ஒவ்வொரு தடவையும் பழைய ரோட்டின் மேலேயே புது ரோட்டைப் போட்டார்கள். ஆப்பத்தின் மேல் ஆப்பத்தை வைத்த மாதிரி ரோடு உயர்ந்துகொண்டே வந்தது. இப்போது ரோடு மேலே, வீடுகள் கீழே. மழை பெய்தால் தண்ணீருக்கு வழி தெரிகிறது. வழி என்பது எங்கள் வாசல்தான்.

நான் தனியாக இருக்கும் வீடு கொஞ்சம் மேட்டில் இருப்பதால் தப்பித்தது. எதிர்வீட்டு உலகம்மாள் வீடுதான் ரொம்ப மோசம். முன்பு அவர் வீட்டுக்குப் படி ஏறிப் போக வேண்டும். இப்போது ரோட்டிலிருந்து கீழே இறங்க வேண்டும். படிகள் எல்லாம் தாருக்கு அடியில் போய்விட்டன. போன ஐப்பசியில் தண்ணீர் கட்டில் உயரத்துக்கு வந்து, அரிசிமாவு டப்பாக்கள் வீட்டுக்குள்ளே மிதந்தன.

கணவர் இறந்த பிறகு அவர் வாசலில் இடியாப்பம் விற்கிறார். இன்று எனக்குப் பசி இல்லை. வாங்கினேன்.

புரட்டாசி 6, திங்கள்

இடியாப்பம் பல்லுக்கு நல்லது. நேற்று எழுத விட்டுப்போனது.

புரட்டாசி 8, புதன்

தெருவில் ஒரே சந்தோஷம். தீபாவளிக்குள் புது ரோடு போடுகிறார்களாம். ஆட்டோ ஓட்டும் பீட்டர் ஒரு சரம் வெடித்தான். தீபாவளிக்கு வாங்கி வைத்ததாம்.

சாயங்காலம் உலகம்மாளிடம் சொன்னேன். அவர் முகத்தில் சந்தோஷம் இல்லை. இடியாப்பத் தட்டை இறக்கி வைத்துவிட்டுச் சொன்னார்:

“புது ரோடு வந்தா என் வீடு கெணறாயிரும் அண்ணாச்சி. இன்னும் அரையடி ஏத்துவானுவ. மழைத்தண்ணி வாசல்ல வந்து, உள்ள வரலாமான்னு கேட்டுக்கிட்டா நிக்கும்?”

அவருடைய மகள் செண்பகம் திருப்பூரில் இருக்கிறாள். இந்த மழைக்கு ஒரு தடவை தண்ணீர் உள்ளே வந்தாலும் வீட்டைப் பூட்டிவிட்டு தன்னோடு வந்துவிட வேண்டும் என்று சொல்லிவிட்டாளாம். உலகம்மாளும் சரி என்று சொல்லிவிட்டார்.

“எதுக்கு சரின்னு சொன்னீய?” என்று கேட்டேன்.

“பின்ன? போன தடவ தொடையளவு தண்ணியில ஒத்தையில நின்னு மாவு டப்பா பொறுக்குனேனே, வயசு என்ன கொறையுதா அண்ணாச்சி?”

நான் வீட்டுக்கு வந்துவிட்டேன். இடியாப்பப் பொட்டலத்தை அங்கேயே வைத்துவிட்டேன். பீட்டர் கொண்டுவந்து கொடுத்தான்.

புரட்டாசி 10, வெள்ளி

ரோடு வேலைக்கு ஜல்லி வந்து இறங்கியது. மேஸ்திரி ஒருவர் நின்றார். அவரிடம் பேசினேன்.

“பழைய ரோட்ட எடுத்துட்டுப் போடக்கூடாதா?”

“போடலாம் அண்ணாச்சி. அதுக்கு சுரண்டுற மெஷின் வரணும். பழசச் சுரண்டிட்டு அந்த மட்டத்துலயே புதுசப் போட்டா ரோடு ஒசராது.”

“அப்ப சுரண்ட வேண்டியதுதான?”

“நான் என்னத்தக் கண்டேன். என்கிட்ட போடுன்னு சொன்னாங்க, போடுதேன். கவுன்சிலரக் கேளுங்க.”

கவுன்சிலர் தனபால் வீட்டுக்குப் போனேன். வெளியூர் போயிருக்கிறார் என்றார்கள். அவருடைய செருப்பு வாசலில் கிடந்தது. வேறு செருப்பு போட்டுப் போயிருப்பார்.

புரட்டாசி 13, திங்கள்

மறுபடியும் போனேன். குளிக்கிறார் என்றார்கள். காத்திருந்தேன். அவ்வளவு நேரம் ஐஸ் கம்பெனியில்கூட யாரும் தண்ணீரில் நின்றதில்லை.

புரட்டாசி 14, செவ்வாய்

பீட்டர் என்னைக் கேலி செய்கிறான். டீக்கடையில் எல்லார் முன்னாலும் சொன்னான்:

“அண்ணாச்சி வீட்டுக்குள்ள தண்ணி வராது. ஆனா கவுன்சிலர் வீட்டுக்கு நடையா நடக்காரு. என்ன காரணமா இருக்கும்வே?”

“தெருவுக்காக நடக்கேன்” என்றேன்.

“ஆமா, ஆமா. தெருவுக்காகத்தான் தெனமும் இடியாப்பமும் திங்கீய. ஆனா ஒண்ணு. அவுங்க வாய்க்கு வாய் அண்ணாச்சி அண்ணாச்சின்னு கூப்புடுத வரைக்கும் நீங்க எத்தன இடியாப்பம் தின்னாலும் அது வெறும் இடியாப்பந்தான்.”

எல்லாரும் சிரித்தார்கள். இதில் சிரிக்க என்ன இருக்கிறது? அண்ணாச்சி மரியாதையான சொல். ஊரே என்னை அப்படித்தான் கூப்பிடுகிறது. பீட்டரும்தான்.

நல்ல சொல்தான்.

புரட்டாசி 15, புதன்

ஆயுத பூஜை. வேலை நடக்கவில்லை. எனக்கு ஒரு யோசனை வந்தது. கவுன்சிலர் என்னைப் பார்க்காவிட்டால் போகட்டும், என் எழுத்தைப் பார்க்கட்டும். என் வீட்டு முன்சுவரில், ரோட்டில் போகிற எல்லாருக்கும் தெரிகிற மாதிரி எழுதிவிட வேண்டும். அது போன வருடம் வெள்ளை அடித்த சுவர். எழுதத் தோதாக இருக்கிறது.

பேனாவுக்கும் பொட்டு வைத்தேன். அதுவும் ஆயுதம்தானே.

புரட்டாசி 16, வியாழன்

எழுதிவிட்டேன்!

காலையில் ஸ்டூல் போட்டு ஏறினேன். நீலப் பெயிண்ட். உலகம்மாள் எதிர்வீட்டிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு மேலே ஏறி வந்து பெயிண்ட் டப்பாவைக் கையில் வாங்கிக்கொண்டார். அவர் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவர்.

“சுரண்டியவுக்கு அந்த ன வராது அண்ணாச்சி. மூணு சுழி போடணும்.”

நான் இரண்டு சுழி போட்டிருந்தேன். எங்கே மூன்றாவதைச் சேர்ப்பது என்று தெரியாமல் விழித்தேன். அவர் முந்தானையால் அந்த எழுத்தைத் துடைத்துவிட்டு, பிரஷை வாங்கி அவரே போட்டார். முறுக்குப் பிழிகிற கை அல்லவா. சுழி அவ்வளவு அழகாக விழுந்தது. அவருடைய முந்தானையில் நீலம் ஆகிவிட்டது. நான் பதறினேன். “பழைய சீலதான், விடுங்க” என்றார்.

மத்தியானத்துக்குள் முடிந்தது. சுவர் முழுவதும் ஒரே வரி.

சுரண்டிய பிறகே ரோடு போட வேண்டும். உப்புக்கிடங்குத் தெரு மக்கள்.

ரோட்டின் அந்தப் பக்கம் போய் நின்று இரண்டு பேரும் பார்த்தோம். ஒரு பிழையும் இல்லை. உலகம்மாள் சத்தமாகப் படித்தார். நானும் படித்தேன். என் வாழ்க்கையில் இவ்வளவு பெரிதாக நான் எதையும் சொன்னதில்லை.

புரட்டாசி 17, வெள்ளி

என் எழுத்து ஊருக்கே பிடித்துவிட்டது. காலையிலிருந்து ஆட்கள் நின்று நின்று பார்க்கிறார்கள். செல்போனில் படம் எடுக்கிறார்கள். மீன் வாங்கப் போகிற பெண்கள் வாசித்துவிட்டுச் சிரித்துக்கொண்டே போகிறார்கள். முகம் தெரியாதவர்கள் என் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். ஒருவர், “தைரியமான ஆளுய்யா நீரு” என்றார். எழுத்து படிக்கத் தைரியம் வேண்டும்தான். அதை அவர் புரிந்துகொண்டார்.

பீட்டர் ஆட்டோவை நிறுத்திவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டான்.

“அண்ணாச்சி, ஊரே மனசுக்குள்ள வச்சிருக்கத செவத்துல எழுதிப்புட்டீயளே! வாட்சப் பூரா உங்க செவருதான் ஓடுது.”

“அந்த மூணு சுழி நான் போட்டதில்ல” என்று உண்மையைச் சொன்னேன்.

அவன் இன்னும் சிரித்தான்.

புரட்டாசி 18, சனி

இன்றைக்கு நிறைய எழுத வேண்டும். கை வலித்தாலும் பரவாயில்லை.

நான் தேடித் தேடிப் போன கவுன்சிலர் தனபால் என்னைத் தேடி வந்தார். கூட நாலைந்து பேர். கார் நிற்பதற்கு முன்பே கதவு திறந்தது.

“யாருவே இத எழுதுனது?”

“நாந்தான் தம்பி. வாங்க” என்று நாற்காலியை எடுத்துப் போட்டேன். அவர் உட்காரவில்லை.

“பெரிய மனுசன்னு பாக்கேன். நான் சுரண்டுனத நீரு பாத்தீரா?”

“பாக்கல தம்பி. நீங்க சுரண்டலங்கிறதுதான் எங்களுக்கு வருத்தமே.”

கூட்டம் கூடிவிட்டது. பீட்டர் திரும்பி நின்று தோளைக் குலுக்கிக்கொண்டிருந்தான். கவுன்சிலருக்கு முகம் சிவந்துவிட்டது. அவருக்குச் சரியாகப் புரியவில்லை போல என்று நான் இன்னும் விளக்கமாகச் சொன்னேன்.

“இதுக்கு முன்னால இருந்தவங்களும் சுரண்டல. நீங்களாவது நல்லா சுரண்டணும். மேலாப்புல சுரண்டுனா பத்தாது, அடி வரைக்கும் சுரண்டணும். தெருவுல எல்லாரும் அதுக்கு சம்மதந்தான்.”

தெருவே சிரித்தது. டீக்கடைக்காரர் கிளாஸைக் கீழே போட்டுவிட்டார். கவுன்சிலர் அடிக்க வருகிற மாதிரி ஓர் அடி எடுத்து வைத்தார். அப்போதுதான் உலகம்மாள் கரண்டியும் கையுமாக மேலே ஏறி வந்தார்.

“தம்பி, அவர ஏசாதீய. அதுல பாதி நான் எழுதுனது. ரோட்டச் சுரண்டுறதத்தான் எழுதியிருக்கு. எதுக்குன்னு என் வீட்டுக்குள்ள வந்து பாத்துட்டு ஏசுங்க.”

கவுன்சிலர் தயங்கினார். அத்தனை பேர் பார்க்கும்போது வர மாட்டேன் என்று எப்படிச் சொல்வார்? போனார். கீழே இறங்க வேண்டும் என்று அவருக்குத் தெரியாது. காலை வைத்தவர் பள்ளத்தில் இடறி, முன்பக்கத் தகரக் கூரையில் நெற்றியை இடித்துக்கொண்டார். நல்ல சத்தம்.

உலகம்மாள் அவரைத் தாங்கி உட்கார வைத்து, நெற்றியில் தண்ணீர் வைத்துத் தேய்த்துவிட்டார். தலையை நிமிர்த்தினால் எதிரே சுவர். போன வருடத் தண்ணீர் நின்ற கறை அவர் கண்ணுக்கு நேராக இருந்தது. அதற்குக் கீழே முந்தின வருடத்துக் கறை. கட்டிலுக்கும் பீரோவுக்கும் அடியில் செங்கல் அடுக்கியிருப்பதைப் பார்த்தார்.

“தண்ணி வந்தா நீங்க எங்க போவீய?” என்று கேட்டார். குரல் மாறியிருந்தது.

“இனி வந்தா திருப்பூருக்குத்தான். மக கூப்புடுதா. சாப்புடுங்க தம்பி” என்று இடியாப்பமும் தேங்காய்ப்பாலும் வைத்தார்.

சாப்பிட்டுக்கொண்டே என்ஜினியருக்குப் போன் போட்டார். பேசப் பேச அவர் முகம் ஒரு மாதிரி ஆனது. பழையதைச் சுரண்டிவிட்டுத்தான் புதியது போட வேண்டும் என்று எஸ்டிமேட்டிலேயே இருக்கிறதாம். கான்ட்ராக்டர்தான் அந்த வேலையை விட்டுவிட்டுப் போடப் பார்த்திருக்கிறார்.

வாசலில் நின்ற பீட்டர் சொன்னான்: “அப்ப அண்ணாச்சி எழுதுனது எந்த அர்த்தத்துல படிச்சாலும் சரிதான்.”

கவுன்சிலர் கிளம்பும்போது நெற்றியைத் தடவிக்கொண்டே, “பெரியவரே, மெஷினுக்கு நான் பொறுப்பு. அத மட்டும் அழிச்சிருங்க” என்றார்.

“மெஷின் வந்தா அழிச்சிருதேன்” என்றேன்.

சாயங்காலம் டீச்சரிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் சிரித்துச் சிரித்து, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகுதான் எனக்கு உறைத்தது. சுரண்டுவது என்றால் இன்னொன்றும் இருக்கிறதே! எனக்குத் தெரியாத சொல்லா? ஆயிரம் தடவை பேசிய சொல்தான். சுவரில் எழுதும்போது எழுத்தைத்தான் பார்த்தேன், சொல்லைப் பார்க்கவில்லை.

உலகம்மாளும் பார்க்கவில்லை. அவர் சுழியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

புரட்டாசி 26, ஞாயிறு

மெஷின் வந்தது. பெயர் எழுதியிருந்தது, இங்கிலீஷ். அதை அடுத்த வருடம் படிப்பேன்.

என்ன சத்தம்! பழைய ரோடு தோல் தோலாக உரிந்து வந்தது. லாரி லாரியாக அள்ளிப் போனார்கள். தெருவே நாற்காலி போட்டு உட்கார்ந்து, திருவிழா மாதிரி பார்த்தது.

மத்தியானம் உலகம்மாள் கத்தினார். ஓடினேன். அவர் வாசலில் ஒரு படி தெரிந்தது. ஆட்கள் கடப்பாரையால் ஓரத்தை இடித்ததும் அதற்குக் கீழே இன்னொரு படி. கருப்பாக, தார் ஒட்டி, ஆனால் உடையாமல் இருந்தது. அவர் தேங்காய் நார் போட்டு, மண்ணெண்ணெய் விட்டுத் தேய்த்தார். பொழுது சாய்கிற வரை தேய்த்தார். பிறகு கீழ்ப்படியில் ஒரு கோலம் போட்டார்.

கோலத்திலும் சுழி இருக்கிறது.

புரட்டாசி 27, திங்கள்

சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தேன். சொன்ன வாக்கு.

உலகம்மாள் போட்ட அந்த மூன்று சுழி ண மட்டும் மறையவில்லை. நீலம் மேலே மேலே தெரிகிறது. மறுபடி அடித்தேன். அப்போதும் தெரிந்தது. அதற்கு மேல் அடிக்கவில்லை. சுண்ணாம்பை வீணாக்கக் கூடாது.

ஐப்பசி 1, சனி

புது ரோடு. உலகம்மாள் வீட்டுக் கீழ்ப்படிக்கும் கீழேயே இருக்கிறது. தார் வாசனை. ஓரத்தில் மழைநீர் வடிகாலையும் தூர் வாரினார்கள்.

ஐப்பசி 3, திங்கள்

தீபாவளி. செண்பகம் வந்திருக்கிறாள். பெரிய பை இரண்டு கொண்டுவந்திருக்கிறாள். இரண்டும் காலி.

என் காலில் விழுந்து கும்பிட்டாள். நல்ல பெண். “அம்மாவ கூட்டிட்டுப் போகத்தான் வந்தேன் மாமா. படி வந்துட்டா போதுமா? தண்ணி வராதுன்னு என்ன நிச்சயம்?” என்றாள்.

உலகம்மாள், “ஒரு மழை பாத்துட்டு வாரேன்” என்றார்.

ஐப்பசி 5, புதன்

வெயில். மழை பெய்தால் தேவலை என்று நினைத்தேன்.

ஐப்பசி 6, வியாழன்

மேகம். பெய்யாமல் இருந்தால் தேவலை என்று நினைத்தேன்.

ஐப்பசி 9, ஞாயிறு

மழை.

ஐப்பசி 10, திங்கள்

காலையில் எழுந்தால் தெரு ஆறாக ஓடுகிறது. முதலில் தண்ணீர் ரோட்டு ஓரமாக அழகாகப் போய் வடிகாலில் விழுந்துகொண்டிருந்தது. பிறகு நின்றுவிட்டது. நின்று, ஏறத் தொடங்கியது. உலகம்மாள் வீட்டுக் கீழ்ப்படி முழுகியது. கோலம் கரைந்துபோனது. வீட்டுக்குள்ளே செண்பகம் பைகளில் துணியை எடுத்து வைப்பது என் வாசலிலிருந்து தெரிந்தது.

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினேன். முழங்காலுக்குத் தண்ணீர். வடிகால் வாயில் கையை விட்டால் பஞ்சு மாதிரி ஏதோ அடைத்திருந்தது. இழுத்தேன். தீபாவளி வெடிக் காகிதம்! தெரு பூரா வெடித்த குப்பை, ஊறி, களியாகி, வாயை அடைத்துக்கொண்டிருந்தது.

“பீட்டரு! ஏ பீட்டரு! உன் வெடிய வந்து அள்ளுல!”

பீட்டர் ஓடி வந்தான். முதல் தடவையாக அவன் வாயிலிருந்து ஒரு கேலியும் வரவில்லை. இரண்டு பேரும் குனிந்து அள்ளினோம். என் தலையில் மட்டும் மழை விழவில்லை. நிமிர்ந்து பார்த்தால் உலகம்மாள் குடை பிடித்துக்கொண்டு நிற்கிறார். அவர் நனைந்துகொண்டிருந்தார்.

“நீங்க உள்ள போங்க, சளி புடிக்கும்” என்றேன்.

“உங்களுக்குப் புடிக்காதோ?” என்றார்.

“நான் ஐஸ் கம்பெனி.”

ஒரு பெரிய வெடிப்பெட்டி அட்டை கையோடு வந்தது. அவ்வளவுதான். சுழித்துக்கொண்டு தண்ணீர் உள்ளே பாய்ந்தது. அந்தச் சத்தத்தை எந்த எழுத்தில் எழுதுவது என்று தெரியவில்லை. மூன்று பேரும் உலகம்மாள் வாசலைப் பார்த்தோம். மேல்படியைத் தொட்டுக்கொண்டிருந்த தண்ணீர் நின்றது. பிறகு இறங்கியது. கீழ்ப்படி மெல்ல மெல்ல வெளியே வந்தது.

செண்பகம் வாசலில் வந்து நின்று அதையே பார்த்தாள். அப்புறம் அவளுடைய அம்மா குடை பிடித்திருப்பதைப் பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள். உள்ளே போய்ப் பைகளைப் பிரித்தாள்.

ஐப்பசி 11, செவ்வாய்

தும்மல். எழுத முடியவில்லை. செண்பகம் கஷாயம் கொண்டுவந்து கொடுத்தாள். அம்மா கொடுக்கச் சொன்னாராம்.

ஐப்பசி 12, புதன்

காலையில் செண்பகம் ஊருக்குப் போனாள். ஒரு பையில் முறுக்கு, இன்னொன்று காலி. ஆட்டோவில் ஏறும்போது, “அம்மாவப் பாத்துக்கிடுங்க மாமா” என்றாள். பீட்டர், “அதெல்லாம் அண்ணாச்சி ரொம்ப நாளா பாத்துக்கிட்டுத்தான் இருக்காரு” என்று சொல்லி வண்டியைக் கிளப்பிவிட்டான். அவனை என்ன செய்வது.

சாயங்காலம் இடியாப்பம் வாங்கப் போனேன். இப்போது படி ஏறிப் போக வேண்டும். கீழ்ப்படியில் புதுக் கோலம். மிதிக்காமல் ஓரமாக ஏறினேன்.

உலகம்மாள் பொட்டலம் கட்டாமல் தட்டில் வைத்தார். தேங்காய்ப்பாலை ஊற்றினார்.

“இந்தாங்க. தும்மல் கொறஞ்சிருக்கா? சூடா இருக்கையிலேயே சாப்புடுங்க.”

உட்கார்ந்து சாப்பிட்டேன். வீட்டுக்கு வந்து, விளக்கைப் போட்டு, இதை எழுத உட்கார்ந்த பிறகுதான் ஞாபகம் வந்தது. அவர் சொன்னதை ஒவ்வொரு சொல்லாக எழுதிப் பார்த்தேன். மேலே எழுதியிருப்பது அப்படியே அவர் சொன்னதுதான், நான் ஒன்றும் விடவில்லை. அதில் எங்கேயும் அண்ணாச்சி இல்லை.

மறந்திருப்பார்.

நாளைக்கும் போய்க் கேட்டு எழுத வேண்டும்.